பருவ நிறைவுக் கடிதம்: 720720 ஒப்படைப்பு குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவமும் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு, பேச்சு, ஓவியம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

எட்டாம் வகுப்புக் கணக்கு ஒப்படைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. 720720 என்ற எண்ணைக் கொடுத்து, அதன் பண்புகளைக் காரணத்தோடு எழுதச் சொல்லியிருந்தோம். வந்த நோட்டுகளில் பெரும்பாலும் ஒரே பட்டியல், அதே வரிசையில்: இரட்டை எண், பகு எண், முழு வர்க்கம் அல்ல, காரணிகள் 240. எல்லாம் சரியான விடைகள். ஆனால் ‘ஏன் 240?’ என்று கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இல்லை. சில நோட்டுகளில் இருந்தது பெரியவர்களின் கையெழுத்து.

அந்த எண்ணை யோசித்துத்தான் கொடுத்தோம். 720 இரண்டு முறை வருகிறது. அதாவது 720 × 1001. அந்த 1001 என்பது 7 × 11 × 13. இதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டால், எந்த மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை சேர்த்து எழுதினாலும் அது 7, 11, 13 மூன்றாலும் வகுபடும் என்பது புரிந்துவிடும். அப்புறம் 720-ஐப் பிரித்தால் நான்கு 2, இரண்டு 3, ஒரு 5. ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2, அதுதான் 240. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. 1 முதல் 16 வரையுள்ள எண்களின் மீ.சி.ம.வும், அதாவது அவை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும், இதுவே. இவ்வளவையும் காகிதமும் பென்சிலும் வைத்தே கண்டுபிடிக்கலாம்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். போனில் பார்த்து எழுதிய விடையும் பெற்றோர் எழுதித் தந்த விடையும் இனி ஏற்கப்படாது. அடுத்த பருவம் முதல், ஒப்படைப்பு தரும் பிள்ளை கரும்பலகையில் ஒரு படியாவது செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் மதிப்பெண் இல்லாமல் நோட்டு திருப்பித் தரப்படும்.

நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் உங்களுக்கு, பிள்ளை தடுமாறும்போது சும்மா இருப்பது கஷ்டம்தான். உதவ நினைத்தால் ‘உனக்கு இது எப்படித் தெரிந்தது?’ என்று கேளுங்கள், போதும். தவறு இருந்தால் இருக்கட்டும். ஒரு நோட்டில் 13-ஐ விட்டுவிட்டதால் 120 காரணிகள் என்று விடை வந்திருந்தது. பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். கணக்கு ஆசிரியர் மகிழ்ச்சியோடு எனக்குக் காட்டிய நோட்டு அதுதான்.

விடுமுறைக்கு 720721. அதை 2 முதல் 16 வரையுள்ள ஒவ்வொரு எண்ணாலும் வகுத்தால் என்ன மீதி வரும், ஏன்? தயவுசெய்து விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பருவம் முழுவதும் நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்