செயலாளரின் ஆண்டறிக்கை: இணையத்தில் சேரும் கைகளும் படைப்புப் பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

முன்பின் அறியாதவர்கள் இணையத்தின் வழியே ஒன்றுசேர்ந்து ஒரு நூலையோ படத்தையோ இசையையோ உருவாக்கும் முறையை ஆராய்ந்து, நமது சங்கம் அத்தகைய பணியொன்றில் இறங்கலாமா என்று பரிந்துரைக்கும் பொறுப்பைச் சென்ற பொதுக்குழு செயற்குழுவிடம் ஒப்படைத்திருந்தது. மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை இதற்கே ஒதுக்கப்பட்டமையால் இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே அமைகிறது. உறுப்பினர் சேர்க்கையும் நூலகப் பராமரிப்பும் வழக்கம்போல் நடைபெற்றன; வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

இந்த முறைக்கு 'கிரௌட்சோர்சிங்' என்ற பெயரைப் பத்திரிகையாளர் ஜெஃப் ஹவ் பரவலாக்கியது 2006ஆம் ஆண்டில்தான் என்றாலும், முறை அதைவிட மிகப் பழையது. லண்டன் மொழியியல் கழகம் 1857இல் தொடங்கிய முயற்சியே பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியாக விளைந்தது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879இல் பொதுமக்களுக்கு விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பல நாடுகளின் வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களிலிருந்து சொற்களையும் அவை பயின்று வந்த வாக்கியங்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். முதற்பதிப்பு நிறைவெய்தியது 1928இல். எங்கள் விவாதத்தில் திரும்பத் திரும்ப வந்தது வாசகர்களின் எண்ணிக்கை அல்ல, அந்தச் சீட்டின் அமைப்புதான். சொல், மேற்கோள், நூல், பக்கம், ஆண்டு ஆகியவற்றை எப்படிக் குறிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்திருந்தபடியால், யார் அனுப்பிய சீட்டும் மற்றவர் அனுப்பியதோடு சேர்ந்து அடுக்கத்தக்கதாக இருந்தது. அவற்றை அடுக்கவும் தள்ளவும் மர்ரேயும் உதவியாளர்களும் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதே ஒழுங்கை நம் காலத்தில் மிகத் தெளிவாகக் காட்டுவது, 2000ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபிராங்க்ஸ் தொடங்கிய 'டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ்' என்னும் தன்னார்வ அமைப்பு. மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய இலவச மின்னூலகமான குட்டன்பர்க் திட்டத்துக்கு மின்னூல்களைத் தயாரித்துத் தருவது இதன் பணி. பதிப்புரிமை முடிந்த நூலின் ஒரு பக்கத்தின் படமும், கணினி அதிலிருந்து படித்தெடுத்த எழுத்துவடிவமும் தன்னார்வலரின் திரையில் தோன்றுகின்றன; அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை நீக்குகிறார். அதே பக்கத்தை வேறொருவர் அடுத்த சுற்றில் பார்க்கிறார், பின்னர் மற்றொருவர். வடிவமைப்புக்குத் தனிச் சுற்றுகள் உண்டு. கடைசியில் ஒருவர் எல்லாப் பக்கங்களையும் கோத்து ஒரே நூலாக்குகிறார். நாளுக்கு ஒரு பக்கம் மட்டும் பார்த்தாலும் போதும் என்பதால், முழு நூலுக்கு நேரமில்லாதவருக்கும் இதில் இடமிருக்கிறது. தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னெழுத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டம் 1998 முதல் இயங்கிவருவதை உறுப்பினர்கள் அறிவீர்கள். அதன் மின்னூல்களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புத் திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறும் வழக்கத்தைச் செயற்குழு சிறப்பாகக் கவனத்தில் கொண்டது.

மெய்ப்புத் திருத்தத்தில் சரியான விடை ஒன்றே. கற்பனைப் படைப்பில் அப்படி ஒன்று கிடையாது. எனவே அடுத்து எழுந்த கேள்வி, கூட்டம் சேர்ந்து கதை எழுத முடியுமா என்பதாக இருந்தது. 2007இல் பெங்குவின் பதிப்பகமும் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, யாரும் வந்து எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம் என்ற விதியோடு ஒரு நாவலைத் திறந்துவிட்டன. ஏறத்தாழ 1,500 பேர் பங்கேற்ற அந்த முயற்சி ஐந்து வாரங்கள் நடந்தது. கதை பல கிளைகளாகப் பிரிந்தது. போதாததற்குக் குறும்புக்காரர் ஒருவர் கண்ட இடமெல்லாம் வாழைப்பழத்தைப் புகுத்திக்கொண்டிருந்தார். சமூக நிகழ்வாக அது சுவையானதே. நாவலாக அதை எடுத்து வாசிக்கக்கூடியவர் மிகச் சிலரே என்பது என் கருத்து.

அதற்கு நேர்மாறாக, 2010 ஜூலை 24ஆம் நாளன்று மட்டும் உலகெங்கும் மக்கள் எடுத்த காட்சிகளைக் கொண்டு கெவின் மெக்டொனால்டு இயக்கிய 'லைஃப் இன் எ டே' ஆவணப்படத்துக்கு 192 நாடுகளிலிருந்து சுமார் 80,000 காணொளிகள், மொத்தம் 4,500 மணி நேரத்துக்கு, யூடியூப் வழியாக வந்து சேர்ந்தன. எதை வேண்டுமானாலும் படமெடுங்கள் என்று விட்டுவிடாமல், எதை நேசிக்கிறீர்கள், எதற்கு அஞ்சுகிறீர்கள், உங்கள் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பன போன்ற கேள்விகளையும் முன்வைத்தார்கள். வந்தவற்றைப் பார்த்துத் தரம்பிரிக்க ஒரு குழு இருந்தது. அதன் பிறகு படத்தொகுப்பாளரின் கத்தரி சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு அதைச் சுருக்கியது. அனுப்பப்பட்டதில் பெரும்பகுதி படத்தில் இடம்பெறவே இல்லை. ஆயினும் படத்தைப் பார்ப்பவருக்குப் பல்லாயிரம் பேரின் ஒரு நாள் ஒரே ஓட்டமாகத் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் காட்சி அனுப்பியவர்களின் தொகை மட்டுமன்று, தள்ளத் துணிந்த தொகுப்பாளரும்தான். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் இணையப் பாடகர் குழு இதே படிப்பினையை இசையில் தருகிறது: 2010இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 குரல்கள் அவரவர் வீட்டிலிருந்தே பாடிப் பதிந்தவை ஒத்திசைந்தன, ஏனெனில் எல்லோரும் அவர் கையசைத்து நடத்திய ஒரே காணொளியைப் பார்த்தே பாடினார்கள்.

முன்கூட்டி வகுத்த விதிகளும் தொகுப்பாளரும் இருந்தால்தான் கூட்டுப் படைப்பு கைகூடும் என்னும் இக்கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. விதிகள் இறுகினால் வியப்பு செத்துவிடும் என்று இளைய உறுப்பினர்கள் சிலர் வாதிட்டு, 2017 ஏப்ரலில் ரெடிட் என்னும் இணைய விவாதத் தளம் நடத்திய 'பிளேஸ்' என்னும் முயற்சியைச் சுட்டிக்காட்டினார்கள். ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டங்கள் கொண்ட வெற்றுப் பலகையில், எந்தத் திட்டமும் தரப்படாமலே, மூன்று நாள்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடிகளும் ஓவியங்களுமாக வரைந்து தள்ளினார்கள். வலுவான எடுத்துக்காட்டுதான். ஆனால் அங்கும் 16 நிறங்களுக்கு மேல் இல்லை. ஒரு கட்டத்தில் நிறமிட்டவர் அடுத்ததற்குச் சில நிமிடங்கள் காத்திருந்தே ஆக வேண்டும். தனியாளால் எதையும் வரைய முடியாத அந்த நெருக்கடியே பலரைச் சேர்ந்து திட்டமிட வைத்தது. எனவே இதுவும் விதிகள் வேண்டும் என்ற கட்சிக்கே சாட்சி என்று நான் பதிலளித்தேன். அவர்கள் ஒப்பினார்களா என்பதை அவர்களே சொல்லட்டும்.

யோசனை கேட்பதும் வாக்கெடுப்பதும் குறித்துச் சுருக்கமாகக் கூறுகிறேன். பிரிட்டனின் ஆய்வுக் கப்பல் ஒன்றுக்கு 2016இல் இணையத்தில் பெயர் கேட்டபோது வென்றது 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற வேடிக்கைப் பெயர். கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டிவிட்டு, வென்ற பெயரை அதன் நீர்மூழ்கிக் கருவிக்குக் கொடுத்தார்கள். வாக்கெடுப்பு முடிவா பரிந்துரையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விளையாட்டுக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் அதைச் சொல்லிவிடுகிறது: பொதுமக்கள் அனுப்பும் ஒரு வடிவமைப்பு 10,000 பேரின் ஆதரவைப் பெற்றால் பரிசீலனைக்கு மட்டுமே தகுதி பெறும், தேர்ந்தெடுப்பது நிறுவனம், தேர்வானால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 விழுக்காடு கிடைக்கும்.

மிக நீண்ட விவாதம் பெயரையும் ஊதியத்தையும் பற்றியது. கலைஞர் ஆரன் கோப்லின் 2006இல் சிறு பணிகளைக் கூலிக்குப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் அமேசானின் 'மெக்கானிக்கல் டர்க்' தளம் வழியாக, இடப்பக்கம் நோக்கிய ஆடு ஒன்றை வரையச் சொல்லி 10,000 ஓவியங்களைத் திரட்டினார். ஓவியத்துக்கு 2 அமெரிக்க சென்ட் கூலி. எதற்காக வரைகிறோம் என்பது வரைந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சிதறிய உழைப்பைப் பற்றிய விமர்சனமாகவே அவர் அதைச் செய்தார். இருந்தபோதிலும், அந்த ஆடுகளை வரிசையாகப் பார்த்தபோது வரைந்தவர் யார் என்று ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பிறகு அவையில் வேறு பேச்சு எழவில்லை. விக்கிப்பீடியா கூலி தருவதில்லை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவரின் பயனர் பெயர் வரலாற்றுப் பக்கத்தில் நிலைக்கிறது. அங்கு எழுதப்படுவது, படைப்பைப் பிறரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வருகிறது. அவ்வுரிமத்தை ஒருமுறை வழங்கிய பின் திரும்பப் பெற இயலாது. அதன் சில வகைகள் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கின்றன. இலவசமாக உழைக்க வருபவருக்கு இவ்விரண்டையும் சிறிய எழுத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதில் செயற்குழு ஒருமனதாக இருந்தது.

பங்கேற்பு சமமாக இராது என்பதையும் எதிர்பார்த்தே இறங்க வேண்டும். நூறு பேரில் தொண்ணூறு பேர் பார்ப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது கைகொடுப்பவர்கள், ஒருவரே பெரும்பணி செய்பவர் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதியது தோராயக் கணக்கே; ஆனாலும் அந்த ஒருவர் களைத்துப் போனால் பணி நின்றுவிடும்.

மேற்கண்டவற்றின் அடிப்படையில், கூட்டு நாவல் முயற்சியை இப்போதைக்கு ஒத்திவைத்து, பதிப்புரிமை முடிந்த பழைய உரைநடை நூல் ஒன்றை இணையவழித் தன்னார்வலர்களைக் கொண்டு மெய்ப்புத் திருத்தி மின்னூலாகவும் ஒலிநூலாகவும் வெளியிடலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பக்கப் பகிர்வையும் இறுதித் தொகுப்பையும் மூவர் கொண்ட ஆசிரியர் குழு ஏற்கும். ஏற்காத பங்களிப்புக்குக் காரணம் தெரிவிக்கப்படும். ஒரு பக்கம் பார்த்தவரின் பெயரும் நூலில் இடம்பெறும். உரிம விதிகள் அழைப்பிலேயே அச்சிடப்படும். நூலைத் தேர்ந்தெடுப்பதும், ஆசிரியர் குழுவை நியமிப்பதும், அதன் உறுப்பினர்களைச் சுழற்சி முறையில் மாற்றுவதா என்பதும் பொதுக்குழுவின் முடிவுக்கு விடப்படுகின்றன.

இவ்வறிக்கையைத் தங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்