முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செயற்குழு 6 முறை கூட்டப்பட்டது. அதில் 2 முறை போதிய ஆள் வராததால் தீர்மானம் எதுவும் போடாமல் கலைந்தோம். ஜூலை 15 காமராசர் பிறந்தநாளன்று பேச்சுப்போட்டிக்குப் பரிசு கொடுத்தோம். சுதந்திர தினத்துக்கு இனிப்பு வழங்கினோம். மைதானத்தின் தெற்குச் சுவர் பூசப்பட்டது. விளையாட்டு விழாவுக்குக் குடிநீர் ஏற்பாடு சங்கத்துடையது.

இனி மாணவர் ஆலோசகர் திட்டம். இதைப் பற்றி வெளியே நிறையப் பேச்சு நடந்திருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதத்திலிருந்து செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஆலோசகர் அம்மா ஒருவர் நம் பள்ளிக்கு வருகிறார். உளவியலில் முதுகலை படித்தவர். ஆய்வகத்துக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் அடைத்துக் கிடந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டிக் கொடுத்தோம். அவருடைய பஸ் செலவும் மதிப்பூதியமும் நம் பொறுப்பு. முதல் பெற்றோர் கூட்டத்தில் "கவுன்சிலிங் டீச்சர் வந்திருக்காங்க" என்று அறிவித்ததும், பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா ஒருவர் எழுந்து, "அது பன்னெண்டாவது முடிச்ச அப்புறம்தானே சார்?" என்று கேட்டார். அவர் மேல் தவறில்லை. நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டுதான். ஆனால் நம் உறுப்பினர் ஒருவரே வாட்ஸ்அப் குழுவில், "நல்லா இருக்கிற பிள்ளைங்களுக்கு இது எதுக்கு, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று எழுதியது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த அறைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாக இருக்கும் பிள்ளைகள்தான். தர்மபுரி மாவட்டத்தின் இந்த மூலையில் பல வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. பத்தாவது முடித்து எந்த குரூப் எடுப்பது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டு, +2 முடித்த பிறகு இன்ஜினியரிங் கனவு காணும் பிள்ளைகளை நாம் வருடா வருடம் பார்க்கிறோம். ஐடிஐ, பாலிடெக்னிக் என்று வேறு வழிகள் இருப்பதும், +2வில் ஏற்ற பாடம் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. இதையெல்லாம் அவர் பிள்ளையிடம் மட்டும் சொல்லி அனுப்பவில்லை. பொங்கலுக்கு ஊர் வந்த பெற்றோர்களை, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், தன் விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்து சந்தித்தார். அன்று வராண்டா நிறைய ஆள். சங்கத்தின் சார்பில் அங்கே இருந்தவர்கள் நானும் பொருளாளரும் மட்டுமே.

புதுமைப்பெண் திட்டத்தைக் கேள்விப்படாத வீடு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆனால் பணம் வர வேண்டுமென்றால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியல் என்றால் அலைச்சல்தான். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கு எதை எப்போது எடுத்துப் போவது என்பதை ஒரு தாளில் எழுதி, +2 பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார். இன்ஜினியரிங் விண்ணப்பம் மே 7 அன்று தொடங்கியபோது நம் பிள்ளைகள் சான்றிதழ் தேடி ஓடவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும் என்பதை, அந்த அறையில் உட்கார்ந்துதான் முதல்முறையாகக் கேட்டேன் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார்.

மே 8 அன்று +2 தேர்வு முடிவு வந்தது. காலை எட்டு மணிக்கே ஆலோசகர் பள்ளிக்கு வந்துவிட்டார். அன்று வியாழக்கிழமை, அவருடைய நாளே இல்லை. 7 பேர் தவறியிருந்தார்கள். வாழ்த்துச் சொல்வதையெல்லாம் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அவர் அந்த 7 வீட்டுக்கும் போன் போட்டார். முதலில் பெற்றோரிடம் பேசினார்: இன்று திட்ட வேண்டாம், தனியாக விட வேண்டாம், ஜூனிலேயே துணைத் தேர்வு இருக்கிறது, தேறினால் இதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். அப்புறம் பிள்ளையிடம் பேசினார். வாசல் பலகையில் 14416, 104 என்ற உதவி எண்களையும் எழுதி வைத்தார். 5 பேர் துணைத் தேர்வு எழுதி, 4 பேர் தேறியிருக்கிறார்கள். எழுதாத இரண்டு பேரில் ஒருவன் பெங்களூருவில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டான். அவனை நம்மால் திருப்பிக் கூட்டிவர முடியவில்லை. நான் அவன் வீட்டுக்கு இன்னும் ஒரு வாரம் முன்னால் போயிருக்க வேண்டும்.

அறைக்கு யார் யார் வந்தார்கள் என்று பட்டியல் கேட்டு இரண்டு உறுப்பினர்கள் கடிதம் கொடுத்தார்கள். ஆலோசகர் தர மறுத்தார். மறுத்தது சரி என்பதே என் கருத்து. பெயர் வெளியே போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் அந்தக் கதவைத் தட்டாது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் மாதாமாதம் தலைமையாசிரியரிடம் போகிறது. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் தொந்தரவு என்று தெரிந்தாலோ அவர் ரகசியம் காப்பதில்லை. போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறார். 18 வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு எழுந்த வீடுகளுக்குத் தலைமையாசிரியரோடு நேரில் போயிருக்கிறார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டன. கடைசி இரண்டு மாத மதிப்பூதியம் செயற்குழு உறுப்பினர்கள் சிலர் கைப்பணத்திலிருந்து கொடுக்கப்பட்டது. பேரேட்டில் 140 பேர் இருக்கிறோம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டியவர்கள் 52 பேர். மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. வெளியூரில் நல்ல வேலையில் இருப்பவர்கள் ஆயுத பூஜைக்கு வந்து பள்ளி முன்னால் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். மகிழ்ச்சிதான். அப்படியே அந்த அறைக்குள்ளும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அறை கொடுத்து உதவிய தலைமையாசிரியருக்கும், ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், சுவர் பூச சிமெண்ட் கொடுத்த உறுப்பினருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போதைய நிலையில் அக்டோபர் வரைதான் சமாளிக்க முடியும். அதற்கு மேல் வாரம் ஒரு நாளாகக் குறைக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில்தான் அந்த அறைக்கு வெளியே வரிசை நீளும். மாதம் 100 ரூபாய் தர 60 பேர் முன்வந்தால் இரண்டு நாளும் தொடரலாம். பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை நான் இங்கே படிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில், இடதுபக்க மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்