ஃபின்ஸ்பரியின் சுகாதார நிலையம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரிட்டனின் பொதுச் சுகாதாரம் என்றாலே 1948-இல் தேசிய சுகாதார சேவை பிறந்ததிலிருந்துதான் எல்லோரும் கதையைத் தொடங்குகிறார்கள். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, லண்டனின் நெரிசலான ஏழைப் பகுதியான ஃபின்ஸ்பரியில், உள்ளூர் நகராட்சி கட்டிய சுகாதார நிலையம் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

காசநோய், பல், பாதம், தாய்மார் நலம் என எல்லாப் பிரிவுகளும் ஒரே கூரையின் கீழ். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. பூச்சி மொய்த்த படுக்கைகளைச் சுத்திகரிக்கும் நிலையமும் அங்கேயே இருந்தது. சரி, வீட்டுக்குப் புகைபோடும்போது குடும்பம் எங்கே போகும்? அவர்கள் தங்க இடமும் ஒதுக்கியிருந்தார்கள்! எங்கள் காலத்தில் மருந்தடித்துவிட்டு, "வெளியே நில்லுங்கள்" என்று சொல்வதோடு சரி.

நகராட்சியின் சுகாதாரக் குழுத் தலைவராக இதற்குப் பாடுபட்டவர் பஞ்சாபைச் சேர்ந்த மருத்துவர் சுனிலால் கத்தியால். 1938-இல் அவரே மேயரும் ஆனார். கட்டடக் கலைஞர் லுபெட்கின். போர்க்காலத்தில், 1942-இல், ராணுவத்தின் சுவரொட்டி ஓவியர் ஏப்ரம் கேம்ஸ் இந்தக் கட்டடத்தைச் சுவரொட்டியாக வரைந்தார். அதன் பின்னணியில் இடிந்த சுவருக்கிடையே நோயுற்ற சிறுவனைக் காட்டியது சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை, சுவரொட்டி முடக்கப்பட்டது.

1965-இல் ஃபின்ஸ்பரி நகராட்சி இஸ்லிங்டனோடு இணைக்கப்பட்டது. கத்தியாலைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் முழுக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

— ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், தஞ்சாவூர்