வீட்டு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், 28 வீட்டு உரிமையாளர்களுக்கும், வாடகைக்கு இருந்தாலும் எல்லா வேலைக்கும் முன்னால் வந்து நின்ற குடும்பங்களுக்கும் வணக்கம்.

வழக்கமாகக் கூட்டங்களின் கணக்கில்தான் இந்த அறிக்கை தொடங்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செயற்குழு 14 முறை கூடியது, சிறப்புப் பொதுக்குழு 2 முறை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை நம் கட்டடத்தின் தூண்களுக்குத் தருகிறேன். இந்த ஆண்டு முழுக்க நமக்கு அதுதான் வேலையாக இருந்தது.

போன ஜூலையில் ஒரு நாள் காலை, பி பிளாக் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பீமிலிருந்து ஒரு காங்கிரீட் துண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பள்ளிக்கூட வேனுக்காகப் பிள்ளைகள் நிற்கிற இடம் அது. அவர்கள் கிளம்பிப் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தத் துண்டைச் சங்க அறையில் வைத்திருக்கிறேன், பார்க்காதவர்கள் வந்து பாருங்கள். ஒரு பக்கம் பெயின்ட், மறுபக்கம் கம்பி பதிந்திருந்த தடம் பழுப்பாகத் தெரியும். தடத்துக்கும் வெளிப் பூச்சுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தோம். 12 மில்லிமீட்டர்தான் காங்கிரீட்.

12 மில்லிமீட்டர் ஏன் போதாது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உள்ளது, காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்துக்குள் இருக்கிறவரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி அதைக் காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டுக்குள் மெல்ல மெல்லப் புகுந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடல் உப்பு இன்னும் மோசம், காரம் அப்படியே இருக்கும்போதே படலத்தைத் துளைத்துவிடும். இரண்டுமே வெளியிலிருந்து நடந்து வர வேண்டியவை என்பதால், கம்பிக்கு மேல் எவ்வளவு கனம் காங்கிரீட் இருக்கிறதோ அவ்வளவுதான் கம்பிக்கு ஆயுள். துரு பிடித்த கம்பி முன்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் காங்கிரீட்டை வெடிக்க வைத்து வெளியே தள்ளும். ஜூலையில் நடந்தது அதுதான்.

நாம் இருப்பது திருவான்மியூர், கடல் நடக்கிற தூரம். கட்டடம் 1996-இல் எழுந்தது. அப்போது நடைமுறையில் இருந்தது, காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு. எம்15 கலவை போதும் (எண் கூடினால் பலம் கூடும்), மூடல், அதாவது கம்பிக்கு மேலுள்ள காங்கிரீட் கனம், பீமின் முக்கியக் கம்பிக்கு 25 மில்லிமீட்டர், தளத்துக்கு 15 மில்லிமீட்டர் போதும் என்றது அது. 2000-இல் விதியைத் திருத்தியபோது கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 என்றார்கள். கடலோரம் போன்ற கடுமையான சூழல் என்றால் எம்30 கலவையும் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். அன்றைய 25 இருந்திருந்தால்கூட இன்னும் சில வருடம் தாங்கியிருக்கும். காங்கிரீட் கொட்டும்போது கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (மூடல் கனத்துக்கு இடம் விட்டு வைக்கும் சின்னக் கட்டி) வைக்காமல் கையில் கிடைத்த ஜல்லியை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உடைத்த மூன்று இடங்களில் அந்த ஜல்லியைப் பார்த்தோம். ஒரு கவர் பிளாக்குக்கு ஆகிற செலவை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஆகஸ்டில் கட்டமைப்புப் பொறியாளர் வந்து இரண்டு நாள் சோதித்தார். முதலில் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்த இடத்தில் தேங்காய் மூடியைத் தட்டினாற்போல் சத்தம். பிறகு புதிதாக உடைத்த பரப்பில் காரத்தை நிறத்தால் காட்டும் பினாப்தலீன் தெளித்தார். காரம் மிச்சம் இருக்கும் காங்கிரீட் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன இடம் நிறம் மாறாது. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே உள்ள தூணில் கம்பியையும் தாண்டி உள்ளே போன பிறகுதான் சிவப்பு வந்தது. அப்புறம் தாமிர சல்பேட் மின்முனையை வைத்துக் கம்பியின் மின்னழுத்தம் அளந்தார். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இறங்கினால் அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு என்று கணக்கு. மொத்தம் 36 தூண்களில் 11 மோசம். அவற்றில் 4 கிழக்கே கடல் காற்றைப் பார்த்தவை. மீதி 7-உம் குளியலறைக் குழாய்கள் இறங்குகிற வரிசையில் இருப்பவை. உப்புக் காற்றை நாம் நிறுத்த முடியாது, ஆனால் அந்த 7 தூண்களைக் கெடுத்தது நம் வீட்டுத் தண்ணீர்.

செப்டம்பர் சிறப்புக் கூட்டம் சூடாக நடந்தது. வெளிப்பூச்சு பெயின்டுக்கு நாம் ஏற்கெனவே பணம் சேர்த்திருந்தோம். கட்டடம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, முதலில் பெயின்ட் என்று பல பேர் சொன்னார்கள். அவர்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஈரம் உள்ள சுவரில் பெயின்ட் அடித்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இன்னும் சிலர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கொடுக்கலாம் என்றார்கள். 2022-இல் இயற்றி 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம், உண்மைதான். ஆனால் 36 தூண்களில் 25 நன்றாக இருக்கும் கட்டடத்தை இடிக்க எனக்கு மனமில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிற 6 குடும்பங்கள் மூன்று வருடம் எங்கே போய் வாடகைக்கு இருப்பார்கள்? இதை அன்றும் சொன்னேன். வாக்கெடுப்பில் பழுதுபார்ப்பு 19, மற்றவை 7 என்று முடிந்தது. சதுர அடிக்கு 110 ரூபாய் சிறப்புப் பங்களிப்பு. எதிர்த்து வாக்களித்த 7 வீடுகளும் முதல் தவணையைத் தேதி தவறாமல் கட்டினார்கள், அவர்களுக்குத் தனியாக நன்றி.

தூண்களைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கீழ்த்தளம் ஸ்டில்ட், அதாவது சுவர் இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கிற தளம். மேலே நான்கு மாடிகள் சுவரோடு விறைப்பாக நிற்க, கீழ்த்தளம் மட்டும் இளகிய கால் போல இருக்கும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் கீழ்த்தளம் நொறுங்கி உட்கார்ந்தன. அடுத்த ஆண்டு நிலநடுக்க விதியைத் திருத்தியபோது சென்னையை 2-ஆம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய 3-ஆம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். நம் கட்டடம் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. அதனால் இருக்கிற தூண்களை முழுப் பலத்தில் வைத்திருப்பது நம் கடமை.

மழைக்காலத்தில் தூணைத் தொடவில்லை. இரும்பு முட்டு மட்டும் கொடுத்து வைத்தோம். அக்டோபர் மழையிலும், நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்றும் இரவெல்லாம் முட்டுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நம் காவலாளியைக் கூட்டத்தின் சார்பில் வணங்குகிறேன்.

ஜனவரியில் வேலை தொடங்கியது. 2017-இல் நாம் செய்த தவறு இப்போதுதான் புரிந்தது. அப்போது ஏ பிளாக்கில் இரண்டு தூண்களில் பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தி, சிமெண்ட் வைத்துப் பூசினோம். இரண்டே வருடத்தில் பூசிய இடத்தைச் சுற்றி மோதிரம் போலப் புது விரிசல் வந்தது. மேஸ்திரி சரியில்லை என்று அவரைத் திட்டினோம். காரணம் வேறு. கம்பியில் துரு பிடிப்பது பேட்டரி மாதிரிதான் நடக்கும், ஓர் இடம் கரையும்போது பக்கத்து இடம் அதனாலேயே காப்பாற்றப்படும். கரைகிற இடத்தை மட்டும் சுத்தப்படுத்திப் புதுக் கலவை வைத்துவிட்டால், உப்பு ஏறிய பக்கத்து இடம் கரையத் தொடங்கிவிடும். அந்த மேஸ்திரியிடம் நாம் பேசியது நியாயமில்லை. போன மாதம் அவரைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த முறை ஒரு தூணை முடித்த பிறகே அடுத்தது, அதுவும் பக்கத்துத் தூண் அல்ல. சுமையை முட்டுக்கு மாற்றி, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைகிற அளவுக்குக் கொத்தி, கம்பி வெள்ளையாகத் தெரியும்வரை துருவைத் தேய்த்தார்கள். சில இடங்களில் வளையக் கம்பி நூல் கனத்துக்கு இளைத்திருந்தது, புதுக் கம்பி கட்டினார்கள். பழைய காங்கிரீட்டும் புதியதும் சேரும் ஓரங்களில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு இணைத்துக் கட்டினார்கள். இனி கரைய வேண்டியது துத்தநாகம், கம்பி தப்பிக்கும். பிறகு பலகை அடித்து மைக்ரோ காங்கிரீட் (பொடி ஜல்லி போட்ட, இடுக்கிலும் பாயும் கலவை) ஊற்றி, ஈரச் சாக்கு சுற்றி வைத்தோம். சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் முதல் மாடிப் பெண்கள். கோடையில் அந்த ஈரம் இல்லையென்றால் இவ்வளவு செலவும் வீண்.

இந்தத் துறையில் நம் ஊர் ஆய்வு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதும் இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களை வைத்துத் துருவை ஆராய்கிறது. கம்பிக்குச் சிமெண்ட்–பாலிமர் பூச்சு ஒன்றையும் உருவாக்கியிருக்கிறது.

மொட்டை மாடிக்கு வருகிறேன். 1996-இல் போட்ட செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம் நம் கட்டடத்தில் உருப்படியாகச் செய்த வேலைகளில் ஒன்று. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் என்று அப்போதே வீடு வாங்கியவர்கள் சொல்கிறார்கள். ஒழுகியது தளம் அல்ல. டிஷ் ஆன்டெனாவுக்கும் தண்ணீர்த் தொட்டித் தாங்கிக்கும் போல்ட் அடித்த ஓட்டைகள்தான் ஒழுகின. 17 ஓட்டைகளை அடைத்து, மேலே பதித்த தட்டு ஓடுகளுக்கு இடையிலான இணைப்புகளைப் புதுப்பித்து, வடிகால் வாய்களுக்கு வலை போட்டோம். இனி மாடியில் எதையாவது பொருத்த வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரில் கட்டுங்கள், தளத்தில் துளை போடாதீர்கள்.

குளியலறைகள்தான் இன்னும் முடியாத வேலை. டைல்ஸ் மாற்றும்போது அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலமும் சேர்ந்து உடைந்துபோகிறது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறபோது மேல் வீட்டில் புது டைல்ஸ் பளபளக்கும். 9 வீடுகளில் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதித்தோம், 5 வீடுகளில் கசிவு. மூன்று வீடுகள் சரிசெய்துவிட்டார்கள். மீதி இரண்டு வீட்டுக்காரர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். புதுத் தூணுக்கு மேலே அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதேபோல் ஏசி குழாய்க்காகப் பீமில் துளை போட வந்த ஆட்களை மார்ச்சில் தடுத்து நிறுத்தினோம். நம் கட்டடத்தில் சுமையைத் தூணும் பீமும்தான் தாங்குகின்றன, சுவரில் எங்கே வேண்டுமானாலும் துளை போடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. லிஃப்டில் கயிறு மாற்றி, மின்சாரம் போனால் அருகிலுள்ள தளத்தில் போய் நிற்கும் கருவி பொருத்தியாயிற்று. சம்ப் இரண்டு முறை கழுவப்பட்டது. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது போட்ட மழைநீர்க் குழிகளில் சேறு ஏறியிருந்தது, மணலும் கூழாங்கல்லும் மாற்றினோம்.

வரைபடம் பற்றி ஒன்று. சோதனைக்கு வந்த பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, கட்டமைப்பு வரைபடம் எங்கே என்பது. நம்மிடம் இல்லை. கட்டியவர் சாவியைக் கொடுத்தார், வரைபடத்தைக் கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. எந்தத் தூணில் எத்தனை கம்பி என்று தெரியாமல் கருவி வைத்துத் தேட வேண்டியிருந்தது. அதற்கான செலவில் இன்னொரு தூணைச் சரிசெய்திருக்கலாம். எனவே இப்போது திறந்து பார்த்த ஒவ்வொரு தூணையும் படம் எடுத்து, கம்பி எண்ணிக்கை, மூடல் கனம், என்ன கலவை, எந்தத் தேதி என்று ஒரு கட்டட ஏட்டில் எழுதியிருக்கிறோம். குழாய் மாற்றினாலும், டைல்ஸ் உடைத்தாலும், சன்ஷேடில் விரிசல் பார்த்தாலும் அதில் எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வெளிப்பூச்சு பெயின்ட் வேலை இந்த மாதம் தொடங்கியிருக்கிறது. சாரம் ஜூலை கடைசி வரை நிற்கும். அது இறங்குவதற்குள் உங்கள் வீட்டு சன்ஷேடையும் வெளிச்சுவரையும் ஆட்கள் தட்டிப் பார்க்க நேரம் சொல்லுங்கள், பிறகு அவ்வளவு உயரத்துக்குப் போக வழியில்லை. ஏடு சங்க அறை மேசையில் இருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்