மூன்று மணிக் கோட்டான்

மன்னார்குடி,
ஞாயிறு காலை

அன்புள்ள மூர்த்தி,

இங்கே நலம். தங்கச்சியின் மூட்டு வலி தேவலையா? கல்யாணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு வாய்தான் கட்டுக்குள் இல்லை, அது உனக்கே தெரியும்.

டவர், வைஃபை அலையால்தான் தூக்கம் கெடுகிறது என்று மாசி மாதம் நீ அனுப்பிய செய்திக்கு நான் போட்ட பதிலைச் சொல்கிறேன். "கோட்டானுக்குத் தூக்கம் வராததற்கு டவர் என்னடா செய்யும்" என்று குரூப்பில் அத்தனை பேர் முன்னால் எழுதியிருக்க வேண்டாம். சேகர் இருந்திருந்தால் நடுவில் புகுந்து உன்னையும் சிரிக்க வைத்திருப்பான். நாலு மாதமாக நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இப்போது எழுதக் காரணம், கோட்டான் பட்டம் எனக்கு வந்துவிட்டது.

அநேகமாகத் தினமும் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு. பால்காரன் சைக்கிள் மணி கேட்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சாயங்காலக் காபியை நிறுத்தினேன். கல்யாணி ஜாதிக்காயை இழைத்துப் பாலில் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, உன் செய்தியைத் தேடி எடுத்து முழுசாகப் படித்தேன்.

முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன், படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ராத்திரி பத்து மணிக்குக் கல்யாணி கூடத்தில் காசு சுண்டுவாள். தலை விழுந்தால் ரவுட்டர் ஓடும், பூ விழுந்தால் அணைத்துவிடுவாள். எது என்று எனக்குச் சொல்லாமல் எழுதி அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிடுவாள். நான் என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, இன்றைக்கு ஓடுகிறதா இல்லையா என்று ஒரு ஊகத்தை எழுதிவிட்டுப் படுப்பேன்.

முதல் இரண்டு ராத்திரி வீண். கதவிடுக்கில் அந்தப் பச்சை விளக்கு தெரிந்துவிட்டது. சொன்னால், இட்லிப் பானையைக் கவிழ்த்து மூடினாள் மகராசி. அலுமினியம்! அலையே வெளியே வராதே, சோதனையே கெட்டது என்று ஒரு சண்டை. பிறகு பழைய துண்டு ஒன்றைத் தொங்கவிட்டோம்.

இருபது ராத்திரி. ரவுட்டர் ஓடியது 11, அணைந்திருந்தது 9. ஓடிய ராத்திரிகளில் மூன்று மணிக்கு விழித்தது 7. அணைந்திருந்த ராத்திரிகளில் 6. சதவீதம் போட்டால் இரண்டும் அறுபத்துச் சில்லறைதான். ஆனால் என் ஊகத்தை வைத்துப் பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடுகிறது என்று நான் நினைத்த 12 ராத்திரியில் பத்து நாள் விழித்திருக்கிறேன். அணைந்திருக்கிறது என்று நினைத்த 8-ல் மூன்றே நாள். ஊகம் சரியாக இருந்தது ஏறக்குறைய பாதிக்குப் பாதி, அதாவது காசு சுண்டியதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதையே ஜெர்மனியில் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். செல்போன் சிக்னலே எட்டாத பத்து ஊர்களில், 397 பேர். ஒரு தற்காலிக டவரைக் கொண்டுபோய் வைத்து, சில ராத்திரி நிஜமாக ஓட்டி, சில ராத்திரி சும்மா நிறுத்திவைத்து, பன்னிரண்டு ராத்திரி அவரவர் வீட்டிலேயே தூக்கத்தை அளந்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. டவர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தூக்கத்தில் வித்தியாசமில்லை. டவரால் கெடுதல் வருமோ என்று பயந்தவர்கள்தான் மற்றவர்களைவிட மோசமாகத் தூங்கியிருக்கிறார்கள்.

நீ மெல்போர்ன் ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். அதையும் படித்தேன். குழந்தையைக் கண்காணிக்கும் வயர்லெஸ் கருவியைப் படுக்கையறையில் வைத்து, நிஜம் எது போலி எது என்று சொல்லாமல் பார்த்தார்கள். நிஜக் கருவி இருந்தபோது தூக்கம் கெட்டது என்கிறார்கள். ஒழுங்காகச் செய்த சோதனைதான், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஆள் மொத்தம் 12. முன்னோட்டச் சோதனை என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 34 இளைஞர்களை ராத்திரி முழுக்க வைஃபையில் படுக்கவைத்துப் பார்த்ததில், எவ்வளவு நேரம் தூங்கினார்கள், எப்படித் தூங்கினார்கள் என்பதில் மாற்றம் இல்லை. உனக்கு 12 பேர் வேதவாக்கு என்றால் என்னிடமும் ஒரு 12 இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் 12 பேரைப் படுக்கப் போகுமுன் நாலு மணி நேரம் வெளிச்சத் திரையில் படிக்கவைத்தார்கள். காகிதப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வரப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆனது. அலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெறும் வெளிச்சம்.

இந்த அலை கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது என்கிறாயே, அது புற்றுநோய் பற்றிய பட்டியல், தூக்கம் பற்றியது இல்லை. "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்" என்கிற அதே 2பி வரிசையில் ஆசியப் பாரம்பரியக் காய்கறி ஊறுகாயும் இருக்கிறது. உன் வீட்டு ஜாடிகளை நினைத்துக்கொண்டேன். போனுக்குப் பின்னால் நீ ஒட்டியிருக்கும் அந்தத் தங்க ஸ்டிக்கர்? அது நிஜமாகவே அலையைத் தடுத்தால், டவருக்கு எட்டுவதற்காக உன் போன் இன்னும் பலமாகக் கத்தும். கழற்றி எறிடா.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்த கணக்கு. ஆனால் கணக்கு எழுதும்போதே இன்னொன்று கண்ணில் பட்டது. மூன்று மணிக்கு விழித்ததும் என் கை முதலில் தலையணைக்கு அடியில் போகிறது. போன் அங்கேதான் இருக்கிறது, முழுச் சத்தத்தில். அழைப்பு ஒன்றுமில்லை என்று பார்ப்பேன். பார்த்த பிறகும் வைக்க மனசு வராமல், அப்புறம் ஒரு மணி நேரம் வாட்ஸாப்.

சேகர் போன ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து நீ ஏழு தடவை அடித்தாய். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது, சத்தமில்லாமல். முதல் அழைப்பு 3.04. என்னைக் கேட்டான் என்று நீ பிறகு சொன்னாய். எடுத்திருந்தால் ஒரு கார் பிடித்து நாலரைக்கெல்லாம் தஞ்சாவூர் வந்திருப்பேன். ஐந்தரை வரை இருந்தானே. நான் வந்தபோது முகத்தில் துணி போட்டிருந்தார்கள். "ஏன் எடுக்கவில்லை" என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்டா.

அன்றிலிருந்துதான் போன் தலையணைக்கு அடியில் வந்தது. இதைக் கல்யாணியிடம்கூட நான் சொல்லவில்லை. அவளாகவேதான் ஒரு நாள், "லேண்ட்லைன் வாங்குங்களேன்" என்றாள்.

வாங்கிவிட்டேன். பழைய சிவப்பு போன் போலவே கனமான ஒன்று, கூடத்தில், மணி கணீர் என்று அடிக்கிறது. செல்போன் பத்து மணியோடு அடுப்படி அலமாரிக்குப் போய்விடுகிறது. எட்டு ராத்திரி ஆகிறது, ஐந்து ராத்திரி விடியும்வரை தூங்கினேன். வெளிச்சம் போனதாலா, பயம் போனதாலா, பிரித்துச் சொல்ல எட்டு ராத்திரி போதாது.

ஒரு வேடிக்கை. இப்போதெல்லாம் லேண்ட்லைன் கம்பியே ரவுட்டருக்குப் பின்னால்தான் சொருகுகிறார்கள். ரவுட்டர் அணைந்தால் போன் செத்துவிடும். ஆக உன் எதிரி இனி என் வீட்டில் ராத்திரி முழுக்க ஓடும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும்.

எண்ணைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அடித்துப் பார். கதவைச் சாத்தினால் படுக்கையறைக்குக் கேட்கிறதா என்று தெரியவேண்டும். கல்யாணி திட்டுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
ரங்கன்