மாத்திரையால் ஈறு நோய் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த இதழில் ஈறு நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பல் தேய்க்கும் முறையை நன்றாக விளக்கியிருந்தீர்கள். ஆன்டிபயாட்டிக் பற்றி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டது பெரிய குறையாகப் பட்டது. பல் மருத்துவராக நான் தினமும் பார்க்கிற பிரச்சினையே அதுதான்.

ஈறு வீங்கி ரத்தம் வந்தால் நம் ஊரில் பலரும் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இரண்டிலும் நாலு நாலாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருப்பது அதைச் சொல்லத்தான். இரண்டு நாளில் வீக்கம் வடிந்ததும் நோய் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து மறுபடி வீக்கம், மறுபடி அதே கவர். என்னிடம் வந்து சேரும்போது பல் ஆட ஆரம்பித்திருக்கும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கிருமிகள் பிசுபிசுப்பான படலத்துக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மருந்து அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. ஈறுக்கு அடியில், வேரோடு ஒட்டிக் கறுத்து இறுகிய காரையை எந்த மாத்திரையும் கரைக்காது. கருவியை விட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்று பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆட வேண்டிய பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. இளம் வயதிலேயே எலும்பு வேகமாகக் கரைகிற சிலருக்கும், சீழ் கட்டிக் காய்ச்சலோ முகவீக்கமோ வந்தவர்களுக்கும் தேவைப்படும். அப்போதும் அது சிகிச்சைக்குத் துணைதான். ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவர் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதலும், இந்த மாத்திரைகளை ஈறு நோயாளிகள் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. காரையைச் சுரண்டி எடுக்கும் சாதாரண ஸ்கேலிங்குக்கும் ஐந்து நாள் மாத்திரை எழுதுகிற என் சக மருத்துவர்களும் இதை யோசிக்க வேண்டும். தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு முறையும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உடம்பில் பெருக வழி விடுகிறோம். நாளை நிமோனியாவுக்கு அதே மருந்து தேவைப்படலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் இன்னும் தீவிரமாகும். அவர்களையும் மனதில் வைத்து, உங்கள் மருத்துவப் பகுதியில் இதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிடுங்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே ஈறு சிகிச்சை செய்துகொள்ளலாம் என்பதையும் அதில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்,
திண்டுக்கல்.