பாளையங்கோட்டை குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தி அறிக்கையைத் தொடங்குகிறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடியேற்றினோம். ஆனித் தேரோட்டத்துக்கு டவுனில் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். கண் சிகிச்சை முகாமும் பொங்கல் கோலப் போட்டியும் நல்லபடியாக நடந்தன. பாளையங்கால்வாய்க் கரையில் நட்ட கன்றுகளில் வேலி போட்டவை மட்டும் தழைத்திருக்கின்றன. சாக்கடை வாறுகாலைத் தூர்வார மனு கொடுத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது உறுப்பினர் விவரங்களைக் கையாள்வதற்கான விதிமுறை. இது எதற்கு என்று இன்றைக்கும் கேட்பவர்கள் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் தாமிரபரணி ஆற்றுத் தண்ணீர் புகுந்தபோது, நம் தெருக்களில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியலை அவசரமாகத் தயாரித்தோம். யாருக்கு இன்சுலின் வேண்டும், யார் படுக்கையில் இருக்கிறார், பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. பல வீட்டுக்குச் சாப்பாடும் மருந்தும் போய்ச் சேர்ந்தது அந்தப் பட்டியலால்தான். நிவாரணத்துக்கென்று ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என ஜெராக்ஸும் வாங்கினோம். வெள்ளம் வடிந்தது. ஜெராக்ஸ் கட்டு சங்க அறை மேசை மேலேயே இருந்தது; பட்டியல் செல்போன் செல்போனாகப் போய்க்கொண்டே இருந்தது.

சென்ற ஆண்டு, தனியாக வசிக்கும் நம் உறுப்பினரான ஓர் அம்மாவுக்கு, போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பு வந்தது. வீட்டு எண், மகன் இருக்கும் நாடு, அவர் சாப்பிடும் மாத்திரை வரை பேசியவனுக்குத் தெரிந்திருந்தது. டிஜிட்டல் அரெஸ்ட், போனை வைக்கக் கூடாது என்று மிரட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டார் பார்த்து, இணைப்பைத் துண்டித்து, சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் செய்ததால் பணம் தப்பியது. அந்த மூன்று விவரமும் ஒரே தாளில் இருந்தது நம் வெள்ளப் பட்டியலில். அங்கிருந்துதான் போனது என்று நிரூபிக்க முடியாது. போகவில்லை என்றும் நம்மால் சொல்ல முடியவில்லையே, அதுதான் என்னை உறங்க விடவில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும். பீரோவில் இருக்கும் பேரேட்டை இந்தச் சட்டம் தொடாது. அதையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், கம்பெனி மட்டுமல்ல, நம்மைப் போன்ற சங்கமும் பொறுப்பாளி. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நமக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பயமுறுத்த வரவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயமாகக் கருதப்படுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே விதிமுறை எழுதினோம். சங்கத்துக்குத் தேவைப்படாத விவரத்தை இனி வாங்குவதில்லை. வாடகைதாரர்களின் ஆதார் நகலை நாம் வைத்துக்கொள்ள மாட்டோம். கட்டாயம் பார்க்க வேண்டியிருந்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். பெரியவர்கள் பட்டியல் ஒரே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுடன் இருக்கும். மின்சாரம் இல்லாத நாளுக்காக ஓர் அச்சுப் பிரதி முத்திரையிட்ட உறையில் தலைவரிடம் இருக்கும். பூட்டிய வீடுகளின் விவரம் வாட்ஸ்அப் குழுவில் வரவே கூடாது. ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில்தானே சாவி கொடுக்கிறார், தெருமுனையில் தொங்கவிட்டா போகிறார்? பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் படத்தையும் பள்ளிப் பெயரையும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் வெளியிடுவோம். தன்னைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும், திருத்தவும், நீக்கச் சொல்லவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. வெள்ளக்கால ஜெராக்ஸ் அத்தனையும் தலைவர், பொருளாளர் முன்னிலையில் கிழித்து அழிக்கப்பட்டு, மினிட் புத்தகத்தில் பதிவாகியுள்ளது.

சங்கத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளில்தான் மனக்கசப்பு வந்தது. முப்பது நாள் மட்டும் வைத்திருப்போம், காவல்துறை எழுத்துமூலம் கேட்டால் தருவோம், மற்றபடி இரண்டு பொறுப்பாளர்கள் உடன் இருந்தால்தான் திறப்போம் என்று முடிவு செய்தோம். தன் வாசலில் வண்டி நிறுத்தியது யார் என்று பார்க்க வந்த உறுப்பினருக்கு இதைச் சொன்னபோது, அந்த மாதத்தோடு சந்தாவை நிறுத்திவிட்டார். மூத்த அண்ணாச்சி ஒருவர், “நம்ம ஆளுகளுக்குள்ள என்னவே ரகசியம்?” என்றார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த அம்மாவிடம் பேசியவன் நம்ம ஆள் இல்லையே.

விதிமுறையை விவாதிக்க அழைத்த சிறப்புக் கூட்டத்துக்கு வந்தவர்களை விட, வராமல் மறுநாள் குறை சொன்னவர்கள் அதிகம். வீடு வீடாகக் கொடுத்த சம்மதப் படிவங்களில் பாதிக்கு மேல் இன்னும் திரும்பவில்லை. சந்தாவும் அப்படித்தான். இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் பலகையில் எழுதிப் போடச் சொல்லி சிலர் யோசனை சொன்னார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. பாக்கி விவரமும் ஒருவருடைய சொந்த விவரம்தான்; அவரவருக்குத் தனிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பண்பை பலவீனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரவுக்குள் செலவு அடங்கியது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கம்ப்யூட்டர் பழுது பார்த்ததும் பூட்டுள்ள பீரோ வாங்கியதும் காரணம். பொருளாளர் தணிக்கை அறிக்கையை வைப்பார்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடம் தந்த மண்டபத்தார், காவலாளிகள், தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி. எக்செல் கோப்புகளைச் சீர்செய்து தந்த கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த விதிமுறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு உடனே சொல்வதும், அந்தச் சட்டப்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுப்பதும் அவர் வேலையாக இருக்கும். செயலாளர் வேலையோடு இதையும் ஒருவரே சுமக்க முடியாது. கம்ப்யூட்டர் தெரிந்த இளைய உறுப்பினர் ஒருவர் முன்வந்தால், அவருக்குப் பழக்கிக் கொடுக்கும் வரை நான் செயலாளராகத் தொடரத் தயார். யாரும் வராவிட்டால், வேறு செயலாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி இந்தப் பொதுக்குழு யோசிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் பெரியவர்கள் பட்டியலைப் புதுப்பித்தாக வேண்டும். சம்மதப் படிவம் தராத வீட்டின் விவரத்தை அதில் சேர்க்க முடியாது. படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன; சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. இன்று வராதவர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கும் ஒரு படிவம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
பாளையங்கோட்டை.